வீடு இருக்கிறதா, எரிந்துவிட்டதா?

போனது போயிற்று என்று தெரிந்தால், மனிதன் அழுது தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். போயிற்றா, இருக்கிறதா என்றே தெரியாவிட்டால் என்ன செய்வான்?

கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்திலுள்ள போர்ட் மக்மரி நகர மக்களுக்கு அந்த நிலை ஏற்பட்டது. 2016-ம் ஆண்டு மே 1-ந் தேதி நகருக்கு அருகே காட்டில் தீப்பிடித்தது. 3-ந் தேதி காற்று திசை மாறவே, தீ நகருக்குள் புகுந்தது. தெற்கே போக இருந்தது ஒரே நெடுஞ்சாலை. சுமார் 88 ஆயிரம் பேர் வீட்டை விட்டுப் புறப்பட்டார்கள். வடக்கே ஓடியவர்கள் எண்ணெய்க் கம்பெனிகளின் தொழிலாளர் முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள்.

நான்கு வாரக் காத்திருப்பு

ஜூன் 1-ந் தேதிதான் ஊர் திரும்பும் வழி திறந்தது. அதுவரை எல்லோர் மனத்திலும் ஒரே கேள்வி: "நம் வீடு இருக்கிறதா?" எரிந்த கட்டிடங்கள் சுமார் 2,400, நகரின் பெரும் பகுதி தப்பியது. ஆனால், தப்பியது யார் வீடு? செயற்கைக் கோள் எடுத்த படங்கள் வெளியான பிறகே பலருக்கு விடை கிடைத்தது. வீடு தப்பியும், சாம்பலில் நச்சு இருந்ததால் அபசாண்ட், பீக்கன் ஹில், வாட்டர்வேஸ் பகுதிகளில் பலர் உடனே குடியேற முடியவில்லை.

மனத்துக்கு முதல் உதவி

இப்படித் தவிப்பவர்களுக்கு எப்படி உதவுவது? உலக சுகாதார ஸ்தாபனம் 2011-ல் வெளியிட்ட கையேடு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணைத்து வை. அவசரத் தேவை என்ன என்று பார்க்க வேண்டும். பேச விரும்பினால் காது கொடுக்க வேண்டும். வற்புறுத்திப் பேச வைக்கக் கூடாது. உறவினரோடும் உதவி செய்வோரோடும் சேர்த்து வைக்க வேண்டும். "உங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகியிராது" என்று தெரியாததைச் சொல்லித் தேற்றக் கூடாது.

காத்திருப்பவர் செய்யக்கூடியதும் உண்டு. ஓயாமல் செய்தி கேட்டு மனத்தை வதைத்துக்கொள்ளாமல், அதற்கென ஒரு நேரம் வைத்துக்கொள்ளலாம். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், கைக்கு ஏதேனும் வேலை. நாளை என்ன ஆகும் என்பது கையில் இல்லை. இன்றைய பொழுது கையில் இருக்கிறது. குழந்தை கேட்டால், "இன்னும் தெரியவில்லை, தெரிந்ததும் சொல்கிறேன். நாம் எல்லோரும் சேர்ந்தே இருப்போம்" என்று உள்ளதைச் சொல்வதே நல்லது. தூக்கமின்மையும் எரிச்சலும் இயல்பே. வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வாழ்க்கையே முடங்கினால் டாக்டரை நாட வேண்டும்.

அந்தத் தீ முற்றிலும் அணைந்ததாக அறிவிக்கப்பட்டது 2017 ஆகஸ்டில்தான். காட்டுத் தீ அணையவே 15 மாதம் பிடித்தது. மனம் ஆறுவதற்கு மட்டும் அவசரப்படுத்தலாமா?