சுவரை உடைக்கும் முன்பே வெளிச்சத்தைக் கணக்குப் பார்க்கலாம்

பகல் மணி இரண்டு. வெளியே வெயில் கொளுத்துகிறது. ஆனால், டெரஸ் வீட்டின் நடு அறையில் விளக்கு எரிகிறது. பிள்ளை அங்கேதான் வீட்டுப்பாடம் எழுதுகிறது. தாமான்களில் நம்மவர் வீடுகள் பலவற்றில் இது வாடிக்கையான காட்சி.

பெரும்பாலும் இது நாமே தேடிக்கொண்டதுதான். வீடு வாங்கிய சில ஆண்டுகளில் பின்புறச் சமையலறையை மதில் வரை நீட்டி, மேலே தகரம் போட்டுவிடுகிறோம். ஒரு தீபாவளிக்கு முன் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம். நடு அறையின் சன்னல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால், இப்போது அது வானத்தைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்க்கிறது.

1984ஆம் ஆண்டு ஒருசீர் கட்டடத் துணைச் சட்டம், அறையின் தரைப் பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் வேண்டும் என்கிறது. 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 12 சதுர அடி, அதாவது 3 அடிக்கு 4 அடி சன்னல். எங்கள் அறையில் அந்த அளவு உண்டு, வெளிச்சம்தான் இல்லை. சன்னல் எவ்வளவு பெரியது என்பதோடு, அதன் வழியே எவ்வளவு வானம் தெரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதைக் கணக்கிடும் மென்பொருள்களில் ஒன்று 'டயாலக்ஸ் ஈவோ'. ஜெர்மனியின் டயால் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸ் கணினியில் இலவசமாகப் பதிவிறக்கலாம். தமிழ் படித்த எனக்கு அதோடு மல்லுக்கட்ட இரண்டு வார இறுதிகள் தேவைப்பட்டன.

அது தரும் முக்கிய எண், பகலொளி விகிதம். மேகம் மூடிய நாளில் வெளியே திறந்தவெளியில் 10,000 லக்ஸ் வெளிச்சமும் மேசை மேல் 200 லக்ஸும் இருந்தால், விகிதம் 2 விழுக்காடு. வீடுகள் அல்லாத கட்டடங்களுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1525, 1 முதல் 3.5 விழுக்காடு வரை ஏற்கத்தக்கது என்கிறது. வீட்டுக்கும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அளவு நாடாவால் அறையை அளந்து, சுவர், சன்னல், கண்ணாடி ஆகியவற்றை வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு பரப்பும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று சொல்ல வேண்டும். உட்கூரைக்கு 70, சுவருக்கு 50, தரைக்கு 20 விழுக்காடு என்பது வழக்கமான கணக்கு. அடர்நிறச் சாயம் பூசிய சுவர் என்றால் இன்னும் குறையும்.

நான் செய்த பெரிய தவறு, அறையை மட்டும் வரைந்ததுதான். எண் அழகாக வந்தது, ஆனால் பொய்! வெளியே இருக்கும் சமையலறைச் சுவரையும் தகரத்தையும் பக்கத்து வீட்டு மதிலையும் சேர்த்து வரைந்த பிறகுதான் விகிதம் 1 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது. இன்னொன்று, விகிதத்தைப் பார்க்கும்போது மேகமூட்டமான வானத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெயில் வானம் என்றால் நாளும் நேரமும் கொடுத்து, சூரியன் விழும் இடத்தைத் தனியாகப் பார்க்கலாம்.

பிறகு மாற்றங்களைத் திரையிலேயே செய்து பார்க்கலாம். சுவருக்கு வெள்ளைச் சாயம் அடித்தால் கொஞ்சம் கூடுகிறது. தகரத்தில் ஒரு பகுதியை ஒளி ஊடுருவும் பலகையாக மாற்றினால், அல்லது சமையலறைக்கும் அறைக்கும் இடையே சிறிய திறந்த முற்றம் விட்டால், நிறையவே கூடுகிறது. ஆனால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு, கூரை வழியே வரும் ஒளியோடு நண்பகல் வெக்கையும் சேர்ந்தே வரும்.

இந்தக் கணக்கு அனுமதிக் கடிதம் ஆகாது. வீட்டை நீட்டுவதற்கான வரைபடம் ஊராட்சி மன்றத்துக்குப் போயாக வேண்டும். ஆனால், குத்தகையாளரிடம் "இங்கே கொஞ்சம் இடம் விடுங்கள்" என்று கேட்க, கையில் ஒரு படம் இருப்பது நல்லது. எங்களிடம் அன்று அது இல்லை.

இப்போது திரையில் முற்றம் விட்ட வரைபடம் தயார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மழைத் தண்ணி எந்தப் பக்கம்டி போகும்?" என்றார். அதற்கு இந்த மென்பொருளில் பதில் இல்லை; நாளை குத்தகையாளரைத்தான் கேட்க வேண்டும்.