மருதானை டவர் மண்டபமும் நம் கொட்டகைகளும்

கொழும்பு மருதானையில் கோபுரமொன்றைத் தலையில் தாங்கி நிற்கும் பழைய நாடகசாலையை, உத்தியோக நிமித்தம் தலைநகரில் வசித்த நம் கல்லூரிப் பழைய மாணவர் பலர் நாள்தோறும் கடந்து சென்றிருப்பர். உள்ளே நுழைந்து பார்த்தோர் சிலராகவே இருத்தல் கூடும். அதன் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு.

ஹென்றிக் செனவிரத்தின என்னும் செல்வர் எழுப்பிய இம்மண்டபம், 1911ஆம் ஆண்டு டிசெம்பரில், சாள்ஸ் டயஸ் இயற்றிய 'பண்டுகாபய' நாடகத்துடன் திறக்கப்பெற்றது. அங்கு ஆடப்பெற்றவை 'நூர்த்தி' எனப்படும் சிங்கள இசைநாடகங்கள். பம்பாயிலிருந்து வந்த பார்ஸிக் கம்பெனிகளே அவற்றுக்கு வழிகாட்டின. தீட்டிய திரைகள், பக்கத்தட்டிகள், ஆர்மோனியம், வடநாட்டு மெட்டுக்கள் யாவும் அவ்வழி வந்தவையே. ஜோன் த சில்வாவின் நாடகங்களுக்கு இசை வகுத்த விசுவநாத் லவ்ஜியும் இந்தியரே.

இதே பார்ஸி ஊற்றுத் தமிழ்நாட்டுக் கம்பெனிகளின் வாயிலாக யாழ்ப்பாணத்திலும் பாய்ந்தது. நாம் அதனைக் 'கொட்டகைக் கூத்து' என்றோம். பெயரே வேற்றுமையைக் காட்டுகின்றது: அவர்களுடையது கற்கட்டடம்; நம்முடையது ஆட்டம் முடிந்ததும் பிரித்தெடுக்கப்படும் கிடுகும் தகரமும். கொழும்பிலே பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்களைக் கண்டு கிளர்ச்சியுற்ற கலையரசு சொர்ணலிங்கம் அவர்கள், 1913இல் இலங்கைச் சுபோத விலாச சபையைத் தொடங்கினார்கள். சபை உண்டாயிற்று, அதற்கென ஒரு மண்டபம் உண்டாகவில்லை.

பேசும்படம் வந்ததும் நூர்த்தி தளர்ந்தது. டவர் மண்டபமும் படமாளிகையாயிற்று. (முதற் சிங்களப் பேசும்படத்தை 1947இல் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது மதுரையில் எடுக்கப்பெற்றது என்பதை இளைஞர் அறியார்.) 1978இல், ரணசிங்க பிரேமதாசாவின் முயற்சியால், டவர் மண்டப அரங்க மன்றம் சட்டவழி நிறுவப்பட்டு, கட்டடம் மீண்டும் நாடகத்துக்கு உரியதாயிற்று. இன்று அங்கு நாடகங்கள் மேடையேறுகின்றன. முதிய கலைஞருக்கு ஓய்வூதியம் வழங்கும் பணியும் அம்மன்றத்துக்கு உண்டு. எம் கருத்தில் கட்டடத்தினும் பெரியது இதுவே.

யாழ்ப்பாணத்துக்கு இப்போது மண்டபக் குறையில்லை. வீரசிங்கம் மண்டபம் உள்ளது; இந்திய அரசின் நன்கொடையால் எழுந்த கலாசார மையமும் 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்டது. ஆனால் நடிகமணி வைரமுத்து அவர்களின் 'மயான காண்டம்' விடியும்வரை எம்மூரவரைக் கோயில் வீதியிலே இருத்திவைத்த காலத்தின் பாட்டுக்களை மெட்டுப் பிசகாமற் பாட வல்ல முதியோர் அருகி வருகின்றனர். கொழும்புத்துறையிலும் அயலூர்களிலும் இன்னும் இருப்போரைத் தேடி, அவர்தம் பாட்டைப் பதிவுசெய்யவும், மாதந்தோறும் சிறுதொகை உதவவும், நம் சங்கம் இவ்விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குதல் வேண்டும்.