பூட்டு இலவசம்!

"ஏண்டி, என் கடைக்கு யாரோ சூன்யம் வைத்துவிட்டார்கள்!" என்று போனில் அலறினாள் என் சிநேகிதி.

வற்றல், வடாம், சாம்பார்ப் பொடி எல்லாம் வீட்டிலேயே தயாரித்து, சொந்த இணையதளம் மூலம் வெளியூர்களுக்கு அனுப்புகிறவள் அவள். தளத்தைத் திறந்தால் விலாசத்துக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று வருகிறதாம். பார்த்தவர்கள் பணம் கட்டாமலே ஓடிவிடுகிறார்களாம். தளத்துக்கு இடம் கொடுத்த கம்பெனியைக் கேட்டால், "சர்ட்டிபிகேட் வாங்குங்கள்; வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும்" என்கிறார்களாம்.

"அவசரப்பட்டுக் கட்டிவிடாதே. காசில்லாமலே கிடைக்கும்" என்றேன்.

"காசில்லாமல் கிடைப்பது காசு பெறுமா?" என்றாள்.

பெறும், வாசகியரே! சூன்யமும் இல்லை, மந்திரமும் இல்லை. 2018 ஜூலை முதல் குரோம் பிரவுசர், சர்ட்டிபிகேட் இல்லாத தளங்களுக்கெல்லாம் இந்த முத்திரையைக் குத்துகிறது. அப்படிப்பட்ட தளத்தில் நீங்கள் எழுதுவது தபால் கார்டு மாதிரி. வழியில் யாரும் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். சர்ட்டிபிகேட் இருந்தால் அது அரக்கு வைத்த கவர்.

இதை இலவசமாகக் கொடுக்கும் 'லெட்ஸ் என்க்ரிப்ட்'டை நடத்துவது அமெரிக்காவில் லாப நோக்கமில்லாத ஓர் ஸ்தாபனம். 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தது. நன்கொடையில் நடக்கிறது.

சிநேகிதியின் தளம் இருப்பது 'ஷேர்டு ஹோஸ்டிங்'கில். திருவல்லிக்கேணி ஒண்டுக் குடித்தனம்தான்! ஒரே கம்ப்யூட்டர், ஒரே கதவிலக்கம், உள்ளே எத்தனையோ குடித்தனங்கள். முன்பெல்லாம் பூட்டு வேண்டுமானால் தனிக் கதவிலக்கம் வாங்க வேண்டும். இப்போது வருகிற பிரவுசர் வாசலிலேயே, 'இன்னார் வீட்டுக்கு வந்தேன்' என்று சொல்லிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிப் பூட்டு!

வழி இதுதான். கம்பெனி கொடுத்த கன்ட்ரோல் பானலில் 'எஸ்.எஸ்.எல்.' என்ற பகுதியைத் தேடுங்கள். 'சி-பானல்' என்றால் 'ஆட்டோ எஸ்.எஸ்.எல்.' பொத்தான் இருக்கும். அழுத்தினால், உங்கள் தளத்தில் ஒரு சின்ன ஃபைலை வைத்து, வெளியிலிருந்து அதைப் படித்துப் பார்ப்பார்கள். கிடைத்தால், வீடு உங்களுடையதே என்று ருசுவாகிவிடும்.

சிநேகிதிக்கு முதல் தடவை சிவப்பு அடையாளம்தான் வந்தது. காரணம், 'டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ.' சேர்ந்த பெயர் மட்டும் அவளுடைய பழைய கம்பெனியையே காட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தியதும் கால் மணியில் பச்சை! பிறகு, பழைய விலாசத்தில் வருகிறவர்களும் புதிய வாசல் வழியே வரும்படி 'ஃபோர்ஸ் எச்.டி.டி.பி.எஸ்.' என்பதையும் போட்டாள்.

இரண்டு விஷயம் ஞாபகமிருக்கட்டும். லெட்ஸ் என்க்ரிப்ட்டின் வழக்கமான சர்ட்டிபிகேட் ஆரம்பத்திலிருந்தே 90 நாள் ஆயுசுதான்; இனி அதையும் குறைக்கப் போகிறார்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். இல்லையென்றால், அடுத்த வருஷப் பணம் கட்டுமுன் வேறு இடம் பாருங்கள்.

மற்றொன்று, பொருள் வாங்கும் நமக்கு. பூட்டு இருக்கிறது என்பதால் உள்ளே இருப்பவர் யோக்கியர் என்று அர்த்தமல்ல! மோசடித் தளமும் இதே பூட்டை வாங்கிவிடலாம். வழியில் திருட்டுப் போகாது என்பதற்குத்தான் சர்ட்டிபிகேட்; கடைக்காரரின் நாணயத்துக்கு அல்ல.

நேற்று சிநேகிதியிடமிருந்து ஒரு பார்சல். பிரித்தால் மோர் மிளகாய்! கூடவே ஒரு சீட்டு: "இதுவும் இலவசம். காசு பெறுமா என்று சாப்பிட்டுவிட்டுச் சொல்!"