உப்பேறிய மண்ணைப் படிக்க

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் காலனிகளில் பிளஸ் 2 முடித்த பிள்ளை வேளாண்மை படிக்கப் போகிறேன் என்றால், 'மண்ணைக் கொத்தவா நாலு வருஷம் படிப்பு?' என்றுதான் வீட்டில் கேட்பார்கள். அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கொத்திவிட்டு, பிறகு தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போனவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான்.

ஆனால் 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் கழிவால் சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாகக் குறிப்பிட்டது. அந்தக் கணக்கை எடுத்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். 2025 ஜனவரி 30-ல் பாலாற்று மாசு பற்றி அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

பட்டாதாரர் இழப்பீடு கேட்க வழி உண்டு. பட்டா இல்லாதவருக்கு நிலம் உப்பானால் போவது நடவும் களையெடுப்பும். அதற்கு சர்வே எண் கிடையாது. (1892-ல் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போனது என்பது தனிக் கதை.)

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிடுவார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கி, கடைசியில் வயலுக்கு வரும். மண் கரைசலின் மின் கடத்துதிறன் 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர் மண். நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் தணியும். சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டால் களர் மண். அதற்கு ஜிப்சம் இட வேண்டும், தக்கைப்பூண்டு மடக்கி உழ வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஜிப்சத்தில் காசைக் கரைத்தவர்கள் உண்டு. பி.எஸ்சி. வேளாண்மையில் மண்ணியல் சொல்லித்தருவது இந்த வித்தியாசத்தைத்தான். எட்டுப் பருவப் படிப்பு. இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை.

சேர்க்கை பிளஸ் 2 மதிப்பெண்ணில், நீட் கிடையாது. பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு பொறுப்பு. இந்த ஒன்றுக்காகவே விண்ணப்பிக்கலாம். நம் பக்கத்துக்கு அருகே திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூரில் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2014 முதல் இருக்கிறது. முடித்தவர்கள் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேளாண்மை அலுவலர் ஆகலாம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் ரிசல்ட்டுக்கு முன்பே வாங்கி வையுங்கள். விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வேலூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். ஒருநாள் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். போகும்போது ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போகலாம்.