மேற்குக் கடலோரத்தில் நான்கு நாள்

கேரளத்தின் பதினான்கு மாவட்டங்களுள் கடலைத் தொடாதவை ஐந்து. அவ்வைந்தில் பாலக்காடும் இடுக்கியும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் எல்லை மாவட்டங்கள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களின் உழவர்களும், மூணாறு, தேவிகுளம், பீருமேடு பகுதிகளின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் கடற்கரையில் சில நாள் ஓய்வாகத் தங்க விரும்பினால் கிழக்கே போவதைவிட மேற்கே இறங்குவதே அண்மை. ஆயினும் அவர்களுள் பலர் அறிந்த கடல் இராமேசுவரமும் திருச்செந்தூருமே ஆகும். இது ஏன் என்று நாம் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. தில்லியில் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு, விடுப்புப் பயணச் சலுகையில் ஊர் சென்ற ஒரு டிசம்பரில்தான் அக்கேள்வி எதிர்ப்பட்டது.

நம் சிற்றப்பா சித்தூர் வட்டத்தில் தென்னையும் நிலக்கடலையும் பயிரிடுபவர், எழுபதைக் கடந்தவர். குருவாயூருக்குப் பலமுறை சென்று வழிபட்டவர். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே சாவக்காட்டுக் கடற்கரை இருக்கிறது. அதைப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். "நம்ம கடல் கிழக்கால இருக்குது, தம்பி" என்றார். பிறந்தது முதல் மேற்கே சாய்ந்த நிலத்தில் வாழ்ந்து, மலையாளத்தில் அச்சிட்ட குடும்ப அட்டையைக் கையில் வைத்திருப்பவர் அவர். அவரையும் அழைத்துக்கொண்டு பொன்னானியில் நான்கு நாள் தங்கி வருவதென்று முடிவு செய்தோம்.

பொன்னானியைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆனைமலையில் தோன்றும் ஆறுகள் கூடிப் பாரதப்புழையாகி, பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேற்கு நோக்கி ஓடி, 209 கிலோமீட்டர் கடந்து பொன்னானியில் கடலோடு கலக்கின்றன. சிற்றப்பாவின் வயலை நனைக்கும் சித்தூர்ப்புழையும் அதனுள் அடக்கம். தம் ஆறு போய்ச் சேரும் இடத்தையேனும் அவர் பார்க்கட்டும் என்று எண்ணினோம். பொன்னானிக்கு இரயில் இல்லை. பாலக்காட்டிலிருந்து இரயிலில் குற்றிப்புறம் வந்து, அங்கிருந்து பேருந்து ஏறவேண்டும்.

இடுக்கிப் பக்கத்து அன்பர்களுக்கு வேறு வழி. மூணாற்றிலிருந்து கொச்சிக்கு இறங்கும் சாலை, 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. அதே சாலை எதிர்த்திசையில் போடிமெட்டு ஏறி, போடிநாயக்கனூர், தேனி, மதுரை வழியாகத் தொண்டி வரை செல்கிறது. ஒரு முனையில் மேற்குக் கடல், மறுமுனையில் கிழக்குக் கடல். மூணாற்றுத் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரின் முன்னோர் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து மலை ஏறியவர்கள். அவர்கள் பிள்ளைகள் இன்று விடுமுறையில் கொச்சிக்கு இறங்கிச் சீன வலைகளையும், வைப்பின் தீவின் செறாய்க் கடற்கரையையும் கண்டு திரும்புகின்றனர்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சென்னைக் கடற்கரையில் பழகியவர்கள் மேற்குக் கடலை மே மாத விடுமுறைக்கு உரியதென்று கருதி, பள்ளி திறக்கும் நாள் வரை தங்கிவிட எண்ணுவதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிடும். அதன்பின் செப்டம்பர் வரை அக்கடல் நீராடுவதற்கு உரியதன்று. மீன்பிடிப் படகுகளுக்கே அங்கு ஜூன் இரண்டாம் வாரம் முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவலைத் தடை உண்டு. கிழக்குக் கடலிலோ தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. இரு கடலுக்கும் இரு பஞ்சாங்கம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். பொன்னானி முகத்துவாரத்தில் வலசை வரும் கடற்காக்கைகள் வெண்மணல்போல் கூடியிருப்பதையும் காணலாம்.

இனி மொழிக்கு வருவோம். அயல்நாடு செல்பவன் மொழி தெரியாது என்பதை அறிந்தே செல்கிறான். ஆகையால் எச்சரிக்கையோடு இருக்கிறான். கேரளம் செல்லும் தமிழனுக்கு அந்த எச்சரிக்கை இருப்பதில்லை. காதில் விழுவதெல்லாம் தெரிந்த சொல்லாகவே இருப்பதால், பொருளும் தெரிந்ததுதான் என்று கொண்டுவிடுகிறான். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

விடுதியில் இறங்கியதும் பணியாள் "வெள்ளம் வேணோ?" என்றார். தில்லியில் வளர்ந்த நம் மகள் சன்னல் பக்கம் ஓடிக் கடலைப் பார்த்தாள். மலையாளத்தில் வெள்ளம் என்பது குடிக்கும் நீர். நாம் வெள்ளம் என்று சொல்வதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பர். 1924-ஆம் ஆண்டு மூணாற்றின் இரயில் பாதையையே அழித்த பெருவெள்ளத்தைக் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதிலே வெள்ளப்பொக்கம்' என்று இன்றும் சொல்கின்றனர். பணியாள் கொண்டுவந்த வெள்ளமோ இளஞ்சிவப்பு நிறமாக இருந்தது. அது பதிமுகப் பட்டை இட்டுக் காய்ச்சியது, உடலுக்கு நல்லது. குழாயின் துரு என்று எண்ணி நம் மகன் அதைத் தொடவில்லை.

அறைக்குப் பூட்டுப் போட்டபின் "தாக்கோல்" கேட்டார்கள். தாழும் கோலும் சேர்ந்த சொல் அது. நம் பழந்தமிழ் கேட்டால் மகிழும். நாம் வழங்கும் சாவி போர்த்துகீசியர் விட்டுச் சென்றது. அலமாரியும் மேசையும் சன்னலும் அவ்வாறே. போர்த்துகீசியர் முதலில் வந்து இறங்கிய கரையில் பழந்தமிழ்ச் சொல்லும், நம்மிடத்தில் அவர்கள் சொல்லும் நிலைத்திருப்பது மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வேடிக்கை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் விடுதிச் சிறுவன் ஒருவன் 'பள்ளியில் போகணும்' என்று விடை கேட்டான். எந்த வகுப்புப் படிக்கிறாய் என்று நம் இல்லத்தரசி வினவினார். அங்கே பள்ளி என்பது மசூதி. கிறித்தவர் வாயில் அதுவே தேவாலயம். பள்ளிவாசல் என்னும் சொல்லில் நாமும் அப்பொருளைக் காத்து வைத்திருக்கிறோம் அல்லவா? 16-ஆம் நூற்றாண்டில் ஜைனுத்தீன் மக்தூம் எழுப்பிய பெரிய பள்ளி அவ்வூரில்தான் இருக்கிறது. அரபு எழுத்தில் மலையாளம் எழுதும் வழக்கம் அக்கரையில் செழித்தது போலவே, நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத் தமிழ் செழித்தது.

அவசரம் என்றால் அங்கே வாய்ப்பு. பட்டி என்றால் நாய். வாயிற்கதவில் 'பட்டியுண்டு' என்று எழுதியிருப்பதைச் சிற்றப்பா படித்துச் சொன்னபோது, உசிலம்பட்டியைச் சேர்ந்த நம் மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். சோற்றைச் சாதம் என்று சொன்னால்தான் நாகரிகம் என்று நம் நகரத்து வீடுகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. மலையாளத்தில் சோறு சோறுதான். யாரும் அதற்காக நாணுவதில்லை. இவ்விஷயத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக் கூடியவை. மரியாதையைப் பற்றிய வேறுபாடு அத்தகையதன்று. தமிழில் வினைச்சொல்லே மரியாதையைச் சுமந்து நிற்கிறது. வந்தான், வந்தார் என்ற ஒரே எழுத்தில் உறவுகள் முறிந்ததுண்டு. மலையாள வினைச்சொல்லோ திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகளை விட்டுவிட்டது. நானும் 'வந்நு', அவனும் 'வந்நு', அவரும் 'வந்நு', மாடும் 'வந்நு'. விடுதிக்காரர் தம் தந்தையைப் பற்றி 'அச்சன் வந்நு' என்றபோது, பெற்றவரை இப்படியா சொல்வது என்று நம் இல்லத்தரசி முகம் சுளித்தார். அவர் நம்மைப் பற்றிச் சமையல்காரரிடம் பேசியபோது, அதே குறையை நாமும் உணர்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மரியாதை அங்கே வேறிடத்தில் இருக்கிறது. சேட்டன், சேச்சி, பொன்னானிப் பக்கத்து முஸ்லிம் மக்களிடையே இக்கா, இத்தா என்னும் முறைப்பெயர்களில் இருக்கிறது. பெரியவர் எதிரே வந்தால் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிடும் கையில் இருக்கிறது. இந்தக் கடைசி வழக்கம் நமக்கும் உரியதே.

இதன் மறுபக்கமும் உண்டு. நாம் மரியாதை என்று கருதி 'நீங்கள்' என்கிறோம். மலபாரில் 'நிங்கள்' என்பதை மரியாதையாகவே கொள்வர். கொச்சிக்கும் அதற்குத் தெற்கேயும் அறிமுகமில்லாத பெரியவரை அப்படி விளித்தால், அது சற்றே துடுக்காக ஒலிக்கும். சார் என்றோ சேட்டன் என்றோ முறை சொல்லி, 'நீங்கள்' என்பதையே தவிர்ப்பது அங்கு வழக்கம். மூணாற்றிலிருந்து செறாய் சென்ற நண்பர் ஒருவர், கடைக்காரரிடம் எத்தனை பணிவாகப் பேசியும் அவர் முகம் கொடுக்கவில்லை என்று வருந்தினார். பணிவே குற்றமாயிற்று என்பதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

மூன்றாம் நாள் திருநாவாய் சென்றோம். பாரதப்புழைக் கரையில் உள்ள நாவாமுகுந்தன் கோயில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்று. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடியது. வாயிலில் ஆடவர் சட்டையைக் கழற்றவேண்டும். தமிழகத்தில் திருச்செந்தூர் போன்ற சில கோயில்களில் மட்டும் உள்ள இவ்விதி, கேரளக் கோயில்கள் பலவற்றில் பொது வழக்கம். நம் மகன் தயங்கினான். சிற்றப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். தமிழில் பாடப்பெற்ற ஒரு கோயிலில் தமிழர் அயலாராக நிற்பதா என்று நாம் வியந்துகொண்டிருக்க, அவர் வீட்டுக்குள் நுழைவதுபோல் உள்ளே போய்விட்டார்.

திரும்பும் பேருந்தில்தான் அந்நிகழ்ச்சி நடந்தது. இருக்கையைப் பற்றிய சிறு வாக்குவாதம். சிற்றப்பா நல்ல மலையாளம் பேசுவார். ஆயினும் அதன் ஓசை சித்தூர் ஓசை. எதிரே இருந்த இளைஞர் பக்கத்தவரிடம் "பாண்டி" என்று சொல்லிச் சிரித்தார். பாண்டிய நாட்டார் என்னும் பழம்பெயர் அது. ஆனால் அங்கே அது இழிவுச் சொல்லாகத் திரிந்துவிட்டது. திருநெல்வேலியில் மரியாதைக்குரிய அண்ணாச்சி, எல்லையைத் தாண்டியதும் கேலிப் பெயராவதும் இவ்வாறே. சினம் கொள்ளுமுன் ஒன்றை நினைவுகூர வேண்டும்: தேநீர்க் கடை நாயரை வைத்து நம் திரைப்படங்கள் எத்தனை ஆண்டுகள் சிரித்திருக்கின்றன?

சிற்றப்பா சினம் கொள்ளவில்லை. "இங்கே நான் பாண்டி. பொள்ளாச்சி சந்தைக்குப் போனா மலையாளத்தான். ரெண்டும் கேட்டுப் பழகின காது" என்றார்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் தமிழகம் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. எல்லைக் கோட்டை எங்கே வரைந்தாலும் சிலர் மறுபுறம் நிற்பர். அவர்களுக்காகவே அதே ஆண்டின் ஏழாவது திருத்தம் அரசியலமைப்பில் 350-அ பிரிவைச் சேர்த்தது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்வது அதன் நோக்கம். மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நமக்கு இது புத்தகச் செய்தியன்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாம் ஊரை விட்டு வந்து சிறுபான்மையானோம். அவர்கள் ஊரிலேயே இருந்து சிறுபான்மையானவர்கள். பயணியின் எச்சரிக்கையைத் தம் வீட்டு வாசலிலேயே மேற்கொள்ள வேண்டியவர்கள்.

கடைசி மாலை முகத்துவாரத்தில் அமர்ந்திருந்தோம். ஆற்றின் எதிர்க்கரைக்குப் படிஞ்ஞாறேக்கரை என்று பெயர். மலையாளத்தில் மேற்குத் திசை படிஞ்ஞாறு. ஞாயிறு படும் திசை. கடலில் ஞாயிறு எழுவதையே கண்டிருந்த சிற்றப்பா, அது கடலில் படுவதை முதன்முறையாகக் கண்டார். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து, எவ்வூர் என்று கேட்டார். சித்தூர் என்றதும், "அப்போ புழையில வெள்ளம் விடாத்தது நிங்களாணோ?" என்று சிரித்தார்.

அதன்பின் இருவரும் ஒரு மணி நேரம் பேசினர். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு வரவேண்டும். 1970-இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. தமிழகம் சரியாக விடுவதில்லை என்று, சித்தூர்த் தமிழ் உழவர் கேரளத்தின் வழக்கைத் தமிழோசை மலையாளத்தில் எடுத்துரைத்தார். ஆறு வற்றினால் உப்பு மேலே ஏறுகிறது, முகத்துவாரத்து மீனும் குறைகிறது என்றார் மீனவர். ஒருவர் மேட்டிலிருந்தும் மற்றவர் பள்ளத்திலிருந்தும் ஒரே ஆற்றைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டனர். சாதி, ஊர், மொழி எதுவும் இடையில் வரவில்லை. குழந்தைகள் ஈர மணலில் உறங்கிப் போனார்கள்.

எழும்போது இனி எப்போது வருவீர்கள் என்று மீனவர் கேட்டார். "ஆத்துல வெள்ளம் வர்றப்போ" என்றார் சிற்றப்பா. எந்த மொழியின் வெள்ளம் என்று நாம் கேட்கவில்லை. காலை ஏழு மணிக்குக் குற்றிப்புறம் பேருந்தைப் பிடிக்கவேண்டியிருந்தது.