ஊர் எது, எத்தனை பேர், அட்வான்ஸ் எவ்வளவு?

சென்னையில் வீடு தேடி அலைகிறவரிடம் வாடகைப் பேச்சு கடைசியில்தான் வரும். கேட்டைப் பாதி திறந்துகொண்டு வீட்டுக்காரம்மா முதலில் கேட்பது, “எந்த ஊருப்பா?” அடுத்து, “ஃபேமிலியா, பேச்சிலரா?” அதற்கும் அடுத்து, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “நீங்க என்ன ஆளுங்க?”

ஜவ்வாது மலையிலிருந்து வேலைக்கு வந்த பையன் இந்த மூன்றாவது கேள்விக்கு உண்மையைச் சொன்னால் குழப்பம்தான் கூடும். “மலையாளிங்கம்மா” என்பான். “கேரளாவா? தமிழ் நல்லாப் பேசுறியே!” என்று பதில் வரும். கேரளத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். காஞ்சிபுரம் பக்கமிருந்து முன்னோர்கள் மலையேறி வந்ததாக அவர்களுடைய வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன. இத்தனையையும் கேட் வாசலில் நின்று விளக்கி முடித்த பிறகு, “வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேன், நம்பர் குடுத்துட்டுப் போ” என்பார் அந்த அம்மா. ஃபோன் வராது.

இந்த அனுபவம் மலைக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. இஸ்லாமியர், தலித் மக்கள், தனியாக வாழும் பெண்கள், இறைச்சி சமைப்பவர்கள் எல்லோரும் இந்தக் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். ஆனால், மலையில் பிறந்து வளர்ந்தவருக்கு வாடகை வீடு என்பதே புதிது. சாமை விளையும் மேட்டு நிலத்தை ஒட்டிச் சொந்தக் கூரை இருக்கும். அதற்கு யாரும் மாதா மாதம் பணம் கேட்டதில்லை. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, கீழே எங்காவது டிப்ளமோவோ பட்டமோ முடித்து, ஒரு வேலைக்கு ஆர்டர் வாங்கி வருகிற பிள்ளைதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக “அட்வான்ஸ்” என்ற சொல்லோடு மல்லுக்கட்டுகிறது.

மலையிறங்காமல் இருக்கவும் வழியில்லை. சாமையும் புளியும் தேனும் ஆண்டு முழுவதற்கும் கஞ்சி ஊற்றாது. கேரளம், கர்நாடகத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். படித்து வேலைக்குப் போவதன் அருமை இங்குள்ள பெற்றோருக்கு நன்றாகவே தெரியும். இதே ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டாம் நாளே 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் பயணம் செய்து சென்னையில் உரிமையியல் நீதிபதித் தேர்வை எழுதி வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் நாடெங்கும் பேசப்பட்டது. தேர்வு, நேர்காணல், வேலை என எதுவானாலும் பாதை கடைசியில் நகரத்தில்தான் வந்து முடிகிறது.

நகரத்துக்கு வந்தவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் சட்டம் அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், குடியிருப்பவரை விரட்டுவதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது. சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது வெகுகால வழக்கம். இந்தச் சட்டமோ 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது.

ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, இரு தரப்பும் வேறு விதமாக உடன்பட்டிருந்தால் தவிர, என்ற பொருளில் ஒரு விலக்கு இருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்தத் தொகைக்கும் உடன்பட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். மாதம் 8,000 ரூபாய் வாடகைக்கு ஒரு ரூம் என்றால், 3 மாத முன்பணம் 24,000. வழக்கப்படி 10 மாதம் என்றால் 80,000. முதல் சம்பளமே கைக்கு வராதவர் 80,000 ரூபாய்க்கு எங்கே போவார்? வட்டிக்கு வாங்குவார், இல்லையென்றால் மலையில் இருக்கும் மாட்டை விற்பார்கள். புரோக்கர் மூலம் போனால் ஒரு மாத வாடகை அவருக்கும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சட்டத்தில் இருக்கும் இந்த ஒரு விலக்கை நீக்கினாலே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கடன் குறையும்.

அட்வான்ஸ் போக, கரண்ட் பில்லில் இன்னொரு கணக்கு. வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே இணைப்பிலிருந்து நான்கு போர்ஷனுக்கு சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே ரேட் போட்டுவிடும்போது, அந்த இலவச யூனிட் வாடகைக்கு இருப்பவர் கைக்கு வருவதே இல்லை. மோட்டார் சார்ஜ், தண்ணீர் லாரிக்குப் பங்கு, மாடிப்படி லைட்டுக்குப் பங்கு என்று சிறு சிறு தொகைகள் இதன் மேல் ஏறும்.

வீடு தேடுவதற்கு நேரம் வேண்டும். அலுவலகம் அந்த நேரத்தைத் தராது. பயோமெட்ரிக்கில் விரல் வைக்கப் பத்து நிமிடம் தாமதமானால் லேட், மூன்று லேட் சேர்ந்தால் லீவில் கழிவு என்று பல இடங்களில் கணக்கு வைக்கிறார்கள். வேலை கிண்டியில் இருக்கும். கட்டுப்படியாகிற வாடகை தாம்பரத்தையும் தாண்டி ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ இருக்கும். காலை ரயிலில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு வந்து சேர்பவரிடம், “பர்மனென்ட் அட்ரஸ் புரூஃப் இருக்கு, லோக்கல் அட்ரஸ் புரூஃப் எங்கே?” என்று கேட்கிறது அலுவலகம். வாடகை ஒப்பந்தம் இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். ஒப்பந்தம் போடும்போது வீட்டுக்காரர் கேட்பதோ கம்பெனி ஐடி. புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த அட்டை வரவே சில வாரங்கள் ஆகும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் தெருத்தெருவாக ‘டு-லெட்’ பலகையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சிக் குடிபோவதில்லை என்பதால் அந்த மாதங்களில் பலகைகள் சற்று அதிகமாகத் தொங்கும். அப்போது போய்ப் பேசினால் அட்வான்ஸில் ஒரு மாதம் குறைய வாய்ப்புண்டு என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் வழி. நாள் நட்சத்திரம் பார்க்காதவருக்கு அது உண்மையிலேயே உதவும்.

இதே சிரமம் எதிர்த் திசையிலும் இருக்கிறது. ஜவ்வாது மலையில் இருக்கும் ஜமுனாமரத்தூர் முன்பு போளூர் வட்டத்தில் இருந்தது. இன்று தனி வட்டத்தின் தலைமையிடம். வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம், பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் எனப் பலவற்றுக்கும் கீழ்நாட்டிலிருந்து ஊழியர்கள் வருகிறார்கள். சுற்றிலும் காப்புக்காடு. வாடகைக்கென்று கட்டிய வீடுகள் மிகக் குறைவு. பெரிய ஊர்களுக்கு அதிகமாகவும் சிற்றூர்களுக்குக் குறைவாகவும் வகுக்கப்பட்ட வீட்டு வாடகைப்படி, இந்தத் தட்டுப்பாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் பலர் போளூரிலோ திருப்பத்தூரிலோ குடும்பத்தை வைத்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறார்கள். மாலையில் மலையிறங்கும் பஸ்ஸை விட்டால் அன்றிரவு தங்க இடம் தேட வேண்டும் என்ற கவலை, பிற்பகலிலேயே கடிகாரத்தைப் பார்க்க வைக்கிறது. ஏழு மைல் நடந்து சாதிச் சான்றிதழுக்கு வந்து நிற்கும் பெரியவரும் அதே கடிகாரத்தைத்தான் பார்க்கிறார். அவருக்கு அன்று கையெழுத்துக் கிடைக்காமல் போவதற்கு, அதிகாரிக்கு அங்கே ஒரு வீடு இல்லாததும் ஒரு காரணம்.

இதே மலையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்து வானாய்வகம் அமைத்தபோது, வேலை முழுவதும் இரவில். எனவே வானியலாளர்கள் தங்குவதற்கான இடமும் வளாகத்துக்குள்ளேயே அமைந்தது. 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியில் விடிய விடிய வேலை பார்ப்பவர், வேலை முடிந்ததும் சில நிமிடங்களில் படுக்கைக்குப் போய்விடலாம். ஊழியர் எங்கே தூங்குவார் என்ற கேள்வியை வேலையின் பகுதியாகவே நினைத்துத் திட்டமிட்ட இடம் அது. ஜமுனாமரத்தூரின் ஆசிரியருக்கும் செவிலியருக்கும் அரசு இப்படி யோசித்துக் குடியிருப்பு கட்டித்தர வேண்டும்.

நகரத்தில் பெண்களுக்காக அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகள் இந்தத் திசையில் ஒரு நல்ல அடி. தாம்பரம், கூடுவாஞ்சேரி, வேலூர் போன்ற ஊர்களில் வேலைக்குப் போகும் பெண்கள், சாதியைச் சொல்லாமல், பெரிய அட்வான்ஸ் கட்டாமல் தங்க முடிகிறது. முதல் வேலைக்கு வரும் ஆண்களுக்கு இப்படி ஒன்று பெரிய அளவில் இன்னும் வரவில்லை.

அவர்களுக்குக் கைகொடுப்பது ஊர்க்காரர்கள்தான். மலையிலிருந்து முன்பே வந்த ஒருவர் புறநகரில் ஒரு ரூம் பிடித்திருப்பார். “வாடா தம்பி, நம்ம ரூம்லயே இருந்துக்கோ” என்று பாய் விரித்துக் கொடுப்பார். அவருக்குக் கல்யாணமோ வேறு ஊரில் வேலையோ அமைந்தால், கட்டிய அட்வான்ஸைத் தம்பியிடமிருந்து தவணையாக வாங்கிக்கொண்டு கிளம்புவார். தம்பிக்குப் பிறகு இன்னொரு தம்பி. வீட்டுக்காரருக்கு வாடகை 5ஆம் தேதிக்குள் வந்துவிட்டால் போதும். ஒப்பந்தத்தை யாரும் மாற்றி எழுதுவதில்லை. காஸ் இணைப்புக்கோ வங்கிக் கணக்குக்கோ முகவரிச் சான்று தேவைப்படும் நாளில் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், அதில் இருப்பது எப்போதோ மலைக்குத் திரும்பிப் போய்விட்ட அண்ணனின் பெயர்.