லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

விண்டோஸை மீண்டும் பதிந்து கொள்ளலாம் என்று பென் டிரைவைச் செருகி இன்ஸ்டால் செய்யத் தொடங்குகிறீர்கள். மொழி, கீ போர்டு எல்லாம் கேட்டு முடித்தபின், எந்த டிரைவில் பதிய வேண்டும் என்று கேட்கும் திரை வருகிறது. அங்கே பட்டியல் காலியாக இருக்கிறது. டிரைவ் எதையும் காணவில்லை, "லோட் டிரைவர்" என்பதில் கிளிக் செய்யுங்கள் என்று ஒரு வரி மட்டும் நிற்கிறது. லேப்டாப்புக்குப் புதியவர்கள் இந்த இடத்தில் பயந்து போய் கணினியை அணைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துச் செல்கிறார்கள். கடையில் பல நேரம் கிடைக்கும் பதில், "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும்" என்பதுதான்.

போயிருக்கலாம். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வந்த லேப்டாப் என்றால், டிரைவ் நன்றாகவே இருந்து, இன்ஸ்டால் புரோகிராமுக்கு அதைப் பார்க்கத் தெரியாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இரண்டில் எது என்று வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். டிரைவ் வேறு, டிரைவர் வேறு. டிரைவ் என்பது உங்கள் ஃபைல்கள் இருக்கும் பொருள். பழைய லேப்டாப்பில் அது சுழலும் ஹார்ட் டிஸ்க். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் எஸ்.எஸ்.டி. டிரைவர் என்பது அந்தப் பொருளுடன் பேசுவதற்கு விண்டோஸுக்குத் தேவைப்படும் சிறிய புரோகிராம்.

இன்டெல் நிறுவனம் 2020 செப்டம்பரில் அறிமுகம் செய்த 11-ஆம் தலைமுறை லேப்டாப் பிராசசர்களில் இருந்து வி.எம்.டி. என்ற ஏற்பாடு வீட்டு லேப்டாப்களுக்குப் பரவலாக வந்தது. எஸ்.எஸ்.டி. நேரடியாகத் தெரியாமல், இந்த வி.எம்.டி. கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சரக்கு எல்லாம் குடோனில் பத்திரமாக இருக்கிறது. சாவி கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது. வந்திருக்கும் ஆளுக்கு அந்தக் கணக்குப்பிள்ளை யாரென்று தெரியாது. மைக்ரோசாஃப்ட் தரும் விண்டோஸ் 10 இன்ஸ்டால் ஃபைல்களில் இதற்கான டிரைவர் இல்லை. விண்டோஸ் 11-லும் பல லேப்டாப்களில் இதே கதைதான். லேப்டாப் வாங்கும்போது உள்ளே இருந்த விண்டோஸில், நிறுவனமே டிரைவரைச் சேர்த்துக் கொடுத்திருக்கும். அதனால்தான் நேற்று வரை ஓடியது.

இது புதிய வியாதியும் அல்ல. 2001-ல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு, பின்னால் வந்த சாட்டா ஹார்ட் டிஸ்க்குகளின் ஏ.எச்.சி.ஐ. முறை தெரியாது. இன்ஸ்டால் தொடங்கியதும் எஃப்6 கீயை அழுத்தி, பிளாப்பியில் இருந்து டிரைவர் கொடுக்க வேண்டும். லேப்டாப்பில் பிளாப்பி டிரைவ் ஏது? பயாஸில் போய் ஐ.டி.இ. முறைக்கு மாற்றி ஒப்பேற்றினார்கள். 2007-ல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் இதற்கான டிரைவர் சேர்க்கப்பட்டது. பிளாப்பி ஒழிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும், நிறுவனங்களின் தளங்களில் இந்த வகை டிரைவருக்கு "எஃப்6" என்ற பெயர் ஒட்டிக் கொண்டே இருக்கிறது. பார்த்தால் குழம்ப வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருவோம். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் பயாஸுக்குள் செல்லுங்கள். டெல், ஏசர், ஏசஸ் என்றால் எஃப்2, எச்.பி. என்றால் எஃப்10, லெனோவாவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. அங்கே ஸ்டோரேஜ் அல்லது சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் டிரைவின் பெயரோ அளவோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிரைவ் உயிரோடு இருக்கிறது. பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்து பிராசசர். கீ போர்டுக்குக் கீழே உள்ள ஸ்டிக்கரில் அல்லது பில்லில் மாடல் எண் இருக்கும். ஐ5-1135ஜி7 என்று இருந்தால், கோடுக்குப் பின் வரும் 11 என்பது தலைமுறை. இன்டெல் 11 அல்லது அதற்கு மேல் என்றால் வி.எம்.டி. மீது சந்தேகப்படலாம். ஏ.எம்.டி. ரைசன் என்றால் வி.எம்.டி. கிடையாது, வேறு காரணம் தேட வேண்டும்.

இப்போது டிரைவரை எடுக்க வேண்டும். வேறொரு கணினியில் உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று, மாடல் அல்லது சீரியல் எண் கொடுத்து, ஸ்டோரேஜ் பிரிவில் "இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி" டிரைவரை டவுன்லோட் செய்யுங்கள். அது பெரும்பாலும் இ.எக்ஸ்.இ. ஃபைலாக இருக்கும். அப்படியே பென் டிரைவில் போட்டால் பயனில்லை. விரித்து, உள்ளே ஐ.என்.எஃப். ஃபைல் இருக்கும் ஃபோல்டரை முழுதாக இன்ஸ்டால் பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். கையோடு வை-ஃபை டிரைவரையும் போட்டுக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11 இன்ஸ்டால் நடுவில் இன்டர்நெட் கேட்டு நிற்கும். யு.எஸ்.பி. மவுஸ் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். சில லேப்டாப்களில் அந்த நேரத்தில் டச் பேடும் வேலை செய்யாது.

காலியான அந்தத் திரையில் "லோட் டிரைவர்", பிறகு "பிரவுஸ்" கிளிக் செய்து ஃபோல்டரைக் காட்டுங்கள். வி.எம்.டி. கன்ட்ரோலர் என்ற பெயர் வரும். அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் டிரைவ் வந்துவிடும். பட்டியல் காலியாகவே இருந்தால் உங்கள் பிராசசருக்குப் பொருந்தாத பதிப்பை எடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. சிவகாசியில் எனக்குத் தெரிந்த அச்சகத்தார் ஒருவர் காலண்டர் தொழில் செய்கிறார். அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது அங்கே வழக்கம். அதற்குச் சில வாரங்களே இருந்தபோது அவருடைய லேப்டாப்பில் விண்டோஸ் பூட் ஆகவில்லை. கடையில் பென் டிரைவ் போட்டுப் பார்த்து, டிஸ்க் தெரியவில்லை, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். டிசைன் ஃபைல்கள் அத்தனையும் டி டிரைவில், பேக்கப் இல்லை. என்னிடம் வந்தபோது பயாஸில் டிரைவின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. டிரைவரைக் கொடுத்ததும் சி, டி இரண்டும் வந்துவிட்டன.

ஆனால் உடனே நெக்ஸ்ட் அழுத்தவில்லை. ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் கறுப்பு நிறத்தில் கமாண்ட் விண்டோ திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து, கீழே "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுத்தால், அந்தச் சிறிய விண்டோவே எக்ஸ்ப்ளோரர் போல வேலை செய்யும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து காப்பி, வெளியே செருகிய ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட். அவருடைய ஃபைல்கள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. அதன் பிறகே சி டிரைவில் மட்டும் விண்டோஸ் பதிந்தோம். (இன்ஸ்டாலின்போது எழுத்துகள் இடம் மாறி, சி என்பது டி ஆகவும் காட்டலாம். உள்ளே இருக்கும் ஃபோல்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.)

அதே கமாண்ட் விண்டோவில் டிஸ்க்பார்ட் புரோகிராமைத் திறந்து "கிளீன்" கட்டளை கொடுக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உள்ளன. தெரியாத டிரைவை அது வரவழைக்காது. தெரிகிற டிரைவில் பார்ட்டிஷன்களை எல்லாம் துடைத்துவிடும். இன்னொன்று, பட்டியலில் 14 ஜிபி அளவில் ஒரே ஒரு டிரைவ் தெரிந்தால் அது நீங்கள் செருகிய 16 ஜிபி பென் டிரைவ். உங்கள் 512 ஜிபி எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 476 என்றும், 1 டிபி என்றால் 931 என்றும் காட்டும்.

பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிட்டாலும் டிரைவ் தெரியும். டெல்லில் ஸ்டோரேஜ் பகுதியில் ரெய்டு என்பதை ஏ.எச்.சி.ஐ. ஆக மாற்ற வேண்டும். ஏசரின் பல மாடல்களில் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால்தான் அந்த வரியே கண்ணுக்குத் தெரியும். சில லேப்டாப்களில் இந்த வசதியே இருக்காது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் பதியப் போகிறீர்கள் என்றால் இது எளிய வழி. உள்ளே இருக்கும் விண்டோஸ் வேண்டும் என்றால் நான் இதைத் தொட மாட்டேன். மாற்றியதும் அந்த விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும். அப்படி ஆனால் பதற வேண்டாம், அமைப்பைப் பழையபடி மாற்றுங்கள்.

விண்டோஸ் 11-ல் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே டிரைவ் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் கை வைத்தால் 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். ஃபைல்களைக் காப்பி செய்யவும் அதே கீ வேண்டும். இது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வேலை தொடங்கும் முன் போனில் அதைத் திறந்து காகிதத்தில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பலர் இப்போது 11-க்கு மாறுகிறார்கள். கடையில் கொடுத்து மாற்றுபவர்கள் இந்தக் கீயை மறந்துவிடுகிறார்கள்.

பயாஸிலும் டிரைவ் தெரியாவிட்டால் கதை வேறு. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் உள்ளன. அவற்றில் இருப்பது சுழலும் டிஸ்க். கீழே விழுந்தோ, ஆண்டுக்கணக்கில் பையில் ஆடியோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றி, டிஸ்க்கை எடுத்துத் திரும்பச் செருகினால் சில சமயம் சரியாகிவிடும். டக் டக் என்ற சத்தம் கேட்டால் மட்டும் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடும்.

உண்மையிலேயே புதிது வாங்க வேண்டி வந்தால், எம்.2 எஸ்.எஸ்.டி.யில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு வகை உண்டு என்பதைக் கடையில் கேளுங்கள். என்.வி.எம்.இ. மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துவிடும், ஆனால் தெரியாது. கழற்றிய பழைய டிரைவையும் மறக்காமல் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் புகைப்படங்களும் வங்கிக் கணக்கு விவரங்களும் அதில்தான் இருக்கின்றன.